சுடுமண் ஆணிகளை வகை பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

களிமண்ணில் ஆணி செய்து எதை அடிப்பது? முதல் முறை கேள்விப்படும் எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். தெற்கு இராக்கில், அதாவது பழைய சுமேரில், நல்ல மரமும் கல்லும் அரிது, மண் மட்டும் தாராளம். சுவர் மண், எழுதும் பலகை மண், ஒரு காலத்தில் கதிர் அறுக்கும் அரிவாள்கூடச் சுட்ட மண்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஆணியும் மண்ணில் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் இந்த ஆணிகள் பெரும்பாலும் இரண்டு பொருளைச் சேர்த்துப் பிணைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஈரமான சேற்றுக் காரையிலும் செங்கல் இடுக்கிலும் செருகி வைத்தவை. சில அழகுக்கு, சில சுவரின் முகப்பைக் காக்க, சில 'இந்தக் கோயிலை இன்ன தெய்வத்துக்காக இன்ன அரசன் கட்டினான்' என்று சொல்லி வைக்க.

ஒரு தலை, கீழே கூர்ந்து போகும் ஒரு தண்டு, அவ்வளவுதான் வடிவம். இந்த எளிய வடிவத்துக்குள் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. கி.மு. 5000-ஐ ஒட்டிய, எழுத்து தோன்றுவதற்கு முந்தைய உபைது காலத்திலும் இருக்கிறது, கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசீரிய அரண்மனையிலும் இருக்கிறது. அதனால்தான் வெறும் வடிவத்தை வைத்து வகை பிரிக்க உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் எங்காவது ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். ஆணி எந்தச் சுவரில், எந்தத் திசை பார்த்து, எதன் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் அதன் பாதி அடையாளம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பாதியைக் கைவிடுவதால் வருபவை.

எல்லாவற்றையும் 'ஆணி' என்ற ஒரே பெட்டியில் போடுவது

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. 'ஆணி', 'கூம்பு', 'முளை' என்ற மூன்று சொற்களையும் நூல்களிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். சுமேரிய மொழியில் இதற்குச் சொல் 'கக்', அக்காடிய மொழியில் 'சிக்கத்து'. இரண்டுக்கும் நேர் பொருள் முளை. மாடு கட்ட அடிக்கிறோமே, அந்த முளை. அந்தச் சொல் நமக்கு நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் முளை என்றவுடன் இடத்தைக் குறிப்பது, உரிமையை ஊன்றுவது என்ற எண்ணமும் சேர்ந்தே வருகிறது. ஆனால் பட்டியலில் 'முளை' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் குறைந்தது ஆறு வெவ்வேறு குடும்பங்கள் ஒன்றாகக் கலந்துவிடும்.

உபைது காலத்து வளைந்த ஆணி ஒன்று. எரிது, ஊர் போன்ற தென்பகுதி மேடுகளில் (பழைய குடியிருப்புகள் சிதைந்து குவிந்த மண்மேடுகளில்) வருவது, தண்டின் முனை கொக்கிபோல் திரும்பியிருக்கும். (ஊர் என்பது இங்கே ஒரு நகரத்தின் பெயர், தமிழில் படிக்கும்போது குழப்பம் வரும், கவனம்.) இரண்டாவது, உருக் நகரத்தின் கூம்பு மொசைக். கி.மு. நாலாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட காலம். பெரும்பாலும் விரல் நீளமுள்ள கூம்புகளை ஆயிரக்கணக்கில் நெருக்கமாகப் பூச்சில் செருகி, வெளியே தெரியும் வட்ட அடிப்பாகத்தின் நிறத்தை வைத்துப் பாய் பின்னியதுபோல் கோலம் போட்டிருப்பார்கள். மூன்றாவது, பூத்தலை ஆணி. அல்-உபைது மேட்டில் (உபைது காலத்துக்குப் பெயர் தந்த இடம், ஆனால் இந்தக் கோயில் அதற்கு வெகு பின்னது) நின்குர்சக் தெய்வத்தின் கோயிலில் கிடைத்தவற்றில் தண்டு சுடுமண், தலையில் வெள்ளை, சிவப்பு, கறுப்புக் கல் இதழ்கள் பதித்தது. நான்காவது, அரசன் பெயர் பொறித்த சுவர் ஆணி, நிறையப் பேருக்குத் தெரிந்தது இதுதான். ஐந்தாவது, வடிவத்தில் கூம்பாக இருந்தாலும் நடைமுறையில் ஆவணமாக இருப்பது. லகாஷ் அரசன் என்மெதெனா, உம்மா நகரத்தோடு நடந்த நீண்ட எல்லைச் சண்டையைச் சொல்லும் கூம்பு பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கி.மு. 2400-ஐ ஒட்டியது. ஒரு சாணுக்கும் மேல் உயரமுள்ள அந்தப் பொருளையும் சுவர் ஆணியையும் ஒரே வரிசையில் அளந்து சராசரி எடுத்தால் அந்தச் சராசரிக்கு ஒரு பொருளும் கிடையாது. ஆறாவது, நடுவில் குமிழ் வைத்த தட்டு, மெருகு பூசிய குமிழ் ஆணி. வட இராக்கின் நூசி நகரத்திலும், ஏலாம் நாட்டில் (இன்றைய தென்மேற்கு ஈரானில்) அரசன் உந்தாஷ்-நபிரிஷா கட்டிய சோகா சான்பிலிலும், அசீரியாவிலும் வருவது.

இதற்கு வெளியே உலோக முளைகள் வேறு இருக்கின்றன. லகாஷை ஆண்ட குடியாவின் காலத்தில் மண்டியிட்ட தெய்வம் ஒரு முளையைப் பிடித்திருப்பதுபோல் செய்த செம்பு உருவங்கள். அவை அஸ்திவாரத்தில் பெட்டி கட்டிப் புதைத்தவை, சுவரில் செருகியவை அல்ல. 'அஸ்திவார ஆணி' என்ற சொல்லைச் சுவர் ஆணிக்கும் இதற்கும் பொதுவாகப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. சுவரின் இடுப்பு உயரத்தில் இருந்து எடுத்த மண் ஆணியை 'அஸ்திவாரப் படையல்' என்று பதிவு செய்தால், பின்னால் படிக்கிறவர் கட்டடத்தின் அடித்தளத்தைத் தப்பான இடத்தில் தேடுவார். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மேட்டின் மட்டங்களைக் கணக்குப் போடும்போது சின்ன விஷயமாக இருக்காது.

வேலையைப் பெயரில் எழுதிவிடுவது

உபைது வளைந்த ஆணியை எடுத்துக்கொள்வோம். இதைச் சிலர் ஆணி என்றார்கள், சிலர் அரைக்கும் குழவி என்றார்கள். தலை குவிந்து இருப்பதால் கையில் பிடித்து எதையாவது நசுக்க வசதியாக இருக்கும் என்பது குழவிக் கட்சி. சுவரில் பாயையோ நாணல் தட்டியையோ பிடித்து நிறுத்த வளைந்த முனை உதவும் என்பது ஆணிக் கட்சி. சில ஆணிகளின் தலையில் தேய்மானம் தெரிகிறது, சிலவற்றில் இல்லை. சுவரில் செருகிய நிலையிலேயே கிடைத்தவை மிகக் குறைவு, பெரும்பாலானவை குப்பையிலும் மேட்டின் மேல்பரப்பிலும் கிடந்தவை.

இந்த நிலையில் பட்டியலில் 'குழவி' என்று எழுதினால் அந்த வீடு சமையல் வேலை நடந்த இடம் ஆகிவிடும், 'சுவர் ஆணி' என்று எழுதினால் அதே வீடு பாய் போர்த்திய சுவருள்ள கட்டடம் ஆகிவிடும். பொருள் ஒன்றுதான், நாம் வைத்த பெயர்தான் வீட்டை மாற்றுகிறது. அதனால் வகைப்பெயரில் வடிவம் மட்டும் இருக்கட்டும்: 'வளைந்த முனை, குவிந்த தலை, வட்டத் தண்டு'. தேய்மானம் இருக்கிறதா, எங்கே, கோடுகள் எந்தப் பக்கம் போகின்றன என்பது தனிப் பத்தியில் வரட்டும். வேலை என்ன என்ற ஊகம் மூன்றாவதாக, ஊகம் என்று தெரியும்படி. இன்னொரு கவனம், உபைது காலத்து மேடுகளில் சுடுமண் அரிவாள் துண்டுகளும் ஏராளம். கைப்பிடி மட்டும் உடைந்து கிடந்தால் ஆணித் தண்டுபோல் ஏமாற்றும். குறுக்கு வெட்டைப் பாருங்கள், அரிவாள் தட்டையாக இருக்கும், ஆணி உருண்டையாக இருக்கும்.

எழுத்து இருந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கி.மு. 2100-க்குச் சற்று முன் லகாஷை ஆண்ட குடியா, கிர்சு நகரில் நிங்கிர்சு தெய்வத்துக்கு எனின்னு கோயிலைக் கட்டினான். 'என்லிலின் வலிமை மிக்க வீரனான தன் தலைவன் நிங்கிர்சுவுக்காக, லகாஷின் ஆட்சியாளன் குடியா, செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்து, எனின்னுவைக் கட்டி அதன் இடத்தில் மீட்டு வைத்தான்' என்ற கருத்தில் வரும் உரை உள்ள ஆணிகள் இன்று ஆயிரத்துக்கும் மேல் தெரியவந்துள்ளன, உலகின் பல அருங்காட்சியகங்களில் ஒன்றிரண்டாவது இருக்கும். இவ்வளவு பரவியிருப்பதால் ஒரு பழக்கம் வந்துவிட்டது: உடைந்த ஆணியில் 'எனின்னு' என்ற கோயில் பெயரைப் பார்த்ததும் 'குடியா' என்று எழுதிவிடுவது. குடியாவுக்கு முன் ஆண்ட அவனுடைய மாமனார் ஊர்-பாபாவும் இதே எனின்னுவைக் கட்டியதாக ஆணி பொறித்திருக்கிறான். கோயில் பெயர் மட்டும் மிஞ்சிய துண்டு இருவரில் யாருடையதாகவும் இருக்கலாம். அரசன் பெயரின் குறிகளில் ஒன்றாவது தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் வரிகள் எப்படிப் பிரிகின்றன, ஒரு பத்தியா இரண்டு பத்தியா என்று முழு ஆணிகளோடு ஒப்பிட வேண்டும். அதுவும் முடியவில்லையென்றால் 'எனின்னு, அரசன் தெரியவில்லை' என்று எழுதுவதுதான் நேர்மை. அப்படி எழுதக் கூச்சப்படத் தேவையே இல்லை.

அடுத்தது உரையையும் பொருளையும் குழப்புவது. ஒரே அரச உரையைச் செங்கல்லிலும் ஆணியிலும் பொறிப்பது அவர்களுடைய வழக்கம். உரைத் தொகுப்புகளில் உரைக்கு ஓர் எண் இருக்கும், அந்த உரை உள்ள ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் இருக்கும். உரை எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு பொருள் வகையை விட்டுவிட்டால் உங்கள் கையில் இருப்பது ஆணியா செங்கல் மூலையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. சிடிஎல்ஐ (ஆப்பு வடிவக் குறிகளால் எழுதிய பழைய எழுத்துள்ள பொருட்களைத் தொகுத்து வைக்கும் தளம்) போன்ற இணையத் தரவுத்தளங்களில் பிரதி வாரியான எண்ணைத் தேடி எடுத்து, உரை எண்ணோடு சேர்த்து இரண்டையும் எழுதுங்கள்.

ஓர் அரசனுக்கு ஒரே உரைதான் என்று நினைப்பதும் தவறு. உருக்கை ஆண்ட சின்-காஷித் தன் அரண்மனையைப் பற்றிப் பொறித்த சின்ன உரை நிறையப் பிரதிகளில் கிடைக்கிறது. அவனுடைய இன்னோர் உரையில், அக்கால எடை, அளவைகளில், ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு 3 குர் பார்லி, 12 மினா கம்பளி, 10 மினா செம்பு, 3 பான் எண்ணெய் கிடைத்தது என்று தன் ஆட்சியின் செழிப்பைச் சொல்கிறான். 'சின்-காஷித் ஆணி' என்று மட்டும் எழுதி வைத்தால் இந்த வேறுபாடு மொத்தமும் போய்விடும். வரிகளை எண்ணுங்கள், முதல் வரியையும் கடைசி வரியையும் பெயர்த்து எழுதுங்கள். முழுதாக வாசிக்கத் தெரியாவிட்டாலும் குறிகளை வரைந்து வைத்தால் போதும், தெரிந்தவர் ஒருவர் பின்னால் பார்ப்பார்.

அப்புறம் காலம். ஆணியில் உள்ள அரசன் பெயர் ஆணி செய்த காலத்தைச் சொல்கிறது. அது கிடந்த மண்ணடுக்கின் காலத்தை அப்படியே சொல்லிவிடாது. இதற்கு ஊர் நகரத்தில் கிடைத்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. தொல்லியலாளர் லெனார்ட் வூலி அங்கே தோண்டியபோது பாபிலோனின் கடைசி அரசன் நபோனிதசின் மகள் என்னிகல்தி-நன்னாவோடு தொடர்புள்ள கட்டடத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டுத் தரையின் மேல், அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்திய லார்சா நகர அரசன் ஒருவனின் களிமண் கூம்பு கிடந்தது. பக்கத்திலேயே ஊர் நகரின் பழைய அரசன் ஷுல்கியின் சிலைத் துண்டு, பாபிலோனைக் காசைட்டு மரபினர் ஆண்ட காலத்து எல்லைக்கல், பழைய செங்கல் எழுத்துகளைப் படியெடுத்துக் குறிப்போடு எழுதிய ஒரு மண் உருளை. ஒன்றுக்கொன்று நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி உள்ள பொருட்கள் ஒரே அறையில். பழம்பொருள் சேகரிப்பு என்று வூலி புரிந்துகொண்டார். அந்தக் கூம்பை மட்டும் தனியாகப் பார்த்த ஒருவர் அந்தத் தரைக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வயது கூட்டியிருப்பார்.

இவ்வளவு அபூர்வமான சூழல்தான் வேண்டும் என்றில்லை. அசீரிய அரசர்கள் தங்கள் உரைகளின் முடிவில் ஒரு வேண்டுகோள் வைப்பார்கள்: இந்தக் கட்டடம் பழுதாகும் காலத்தில் வரும் அரசன் இதைப் புதுப்பிக்கட்டும், என் கல்வெட்டுக்கும் ஆணிகளுக்கும் எண்ணெய் பூசி, பலி கொடுத்து, அவற்றின் இடத்தில் திரும்ப வைக்கட்டும். அதாவது பழைய அரசனின் ஆணியைப் புதிய அரசனின் சுவரில் வைப்பது அவர்களே எதிர்பார்த்த செயல். அப்படி ஒரு சுவரில் இரண்டு அரசர்களின் ஆணிகள் கலந்து கிடைத்தால் 'அடுக்கு கலைந்துவிட்டது' என்று முடிவு கட்டி ஒதுக்கிவிடாதீர்கள். ஆணியைச் சுற்றிய காரை சுவரின் மற்ற காரையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அங்கே வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து இருப்பதால் மக்கள் படிக்க வைத்தது என்று எண்ணி, பொறித்த ஆணிகளை 'காட்சிப் பொருள்' பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. குடியா ஆணிகளில் எழுத்து தண்டில்தான் இருக்கிறது. தண்டு சுவருக்குள் போனபின் அதை யார் படிப்பது? தெய்வமும், சுவரைப் பின்னால் பிரிக்கப்போகும் அரசனும்தான். வீடு விற்கும் பழைய கிர்சு பத்திரங்களில் 'இந்த முளையைச் சுவரில் அடித்தார், அதன் பக்கத்தில் எண்ணெய் பூசினார்' என்று ஒரு வாசகம் வரும். சில பத்திரங்கள் நீளவாக்கில் துளையுள்ள கூம்புகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. கோயில் ஆணிக்கும் இந்த வீட்டு முளைக்கும் பின்னால் ஒரே எண்ணம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலர் பேசும் கருத்து, எனக்கும் ஏற்புடையது. ஆனாலும் பட்டியலில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும்.

எழுத்து இல்லை என்று அவசரப்பட்டு எழுதுவது

உப்புப் படிந்த தண்டில் எழுத்து இருப்பது நேர் வெளிச்சத்தில் தெரியாது. விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் இருந்து ஒளி விழ வைத்து, ஆணியை மெல்ல உருட்டிப் பாருங்கள். தலையின் மேல்பக்கத்தையும் மறக்காதீர்கள், சில ஆணிகளில் அங்கும் எழுத்து உண்டு. நேராகப் பிடித்து எடுத்த நிழற்படங்களை மட்டும் பார்த்து 'எழுத்தில்லை' என்று நான் குறித்தவற்றில் சில, பிறகு பக்க ஒளியில் பார்த்தபோது எழுத்துள்ளவையாக இருந்தன. அதிலிருந்து நான் 'எழுத்தில்லை' என்றும் 'எழுத்து தெரியவில்லை' என்றும் இரண்டு தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறேன். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பொறித்த ஆணிகளோடு கிடைத்த எழுத்தில்லாத தண்டுகளையும் அதே அரசனின் கணக்கில் சேர்ப்பது. அவை வேறு காலத்தவையாக இருக்கலாம், அல்லது அதே சுவரில் வேண்டுமென்றே எழுத்தில்லாமல் வைத்தவையாகவும் இருக்கலாம்.

உடைசல்களை எண்ணுவதில் வரும் பிழை

ஆணி உடைவது பெரும்பாலும் தலையும் தண்டும் சேரும் கழுத்தில். ஒரு ஆணி இரண்டாகவோ மூன்றாகவோ உடைந்து கிடக்கும்போது துண்டு ஒவ்வொன்றையும் ஓர் ஆணியாக எண்ணினால் சுவரின் அலங்காரம் மூன்று மடங்கு நெருக்கமாகிவிடும். 40 தலை, 65 நடுத்தண்டு, 22 முனை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 127 ஆணி என்று எழுதக்கூடாது. தலையும் முனையும் ஓர் ஆணிக்கு ஒன்றுதான், ஆகையால் குறைந்தபட்சம் 40 ஆணி என்பதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. தலையே பாதி பாதியாக உடைந்திருந்தால் எத்தனை பங்கு வட்டம் மிஞ்சியிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். நடுத்தண்டுகளை எண்ணிக்கையில் சேர்க்காமல் எடை போட்டு வையுங்கள். உடைவு புதிதா பழையதா என்பதும் முக்கியம், புதிய உடைவு வெளிறி, கூர்மையாக இருக்கும், பழைய உடைவில் மண்ணும் உப்பும் ஏறியிருக்கும்.

அளவுகளில் ஒரே ஒரு அறிவுரை: முழு நீளம் தெரியாதபோது 'நீளம்' என்ற கட்டத்தில் எதையும் எழுதாதீர்கள். 'மிஞ்சிய நீளம்' என்று தனிக் கட்டம் வையுங்கள்.

கையால் செய்ததை அச்சில் வார்த்ததுபோல் பார்ப்பது

தட்டைத் தலை, குவிந்த தலை, காளான் தலை, குழித் தலை என்று தலை வடிவத்தை வைத்துப் பிரிப்பது சரியான தொடக்கம்தான். ஆனால் அரை சென்டிமீட்டர் வேறுபாட்டுக்கெல்லாம் புது வகை உண்டாக்கினால் ஒரே நாளில் ஒரே ஆள் உருட்டிய ஆணிகள் ஏழு வகையாகப் பிரிந்து நிற்கும். இவை உள்ளங்கையில் உருட்டிச் செய்தவை, ஈர மண் சுருங்கும், சூளையில் சாயும். ஒரே சுவரில் இருந்த இடத்திலேயே கிடைத்த ஆணிகளை முதலில் அளந்து, அவற்றுக்குள்ளேயே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஊர் நகரின் சிகுராத்து (படிப்படியாக உயரும் கோயில் கோபுரம்) மேடையைத் தாங்கும் சுவரில் அரசன் ஊர்-நம்முவின் ஆணிகள் வரிசையாக, செருகியபடியே கிடைத்தன. அப்படிப்பட்ட தொகுதிதான் அளவுகோல். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் வேறுபாட்டை வகையாக்காதீர்கள்.

குழித் தலையைப் பற்றி ஒரு வார்த்தை. உருக்கில் பெரிய, உள்ளே வெறுமையான குடுவை போன்ற கூம்புகள் சுவரின் விளிம்புப் பட்டைகளில் வந்திருக்கின்றன. உடைந்த நிலையில் இவை பானைக் கழுத்துபோல் தெரிவதால் பானை ஓட்டு மூட்டைக்குள் போய்விடுகின்றன. ஓடுகளைப் பிரிப்பவரிடம் முன்கூட்டியே ஒரு படத்தைக் காட்டி வைத்தால் நல்லது.

கழுவுவது

சரி, இது ஆய்வு மேசையில் உட்காரும் முன்பே நடந்துவிடும் தவறு. 'சுடுமண்' என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் சில ஆணிகள் வெயிலில் மட்டும் காய்ந்தவை. தண்ணீரில் போட்டால் அரை மணி நேரத்தில் சேறாகிவிடும், எழுத்தோடு சேர்த்து. உருக் கூம்புகளில் சிவப்பும் கறுப்பும் வெளியே தெரியும் முகப்பில் மட்டும் மெல்லியதாகத் தீட்டியவை, தூரிகை பட்டாலே உதிரும். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருப்பது பல சமயம் மண்ணின் சொந்த நிறம். கழுவித் துடைத்த கூம்புகளை வைத்து 'பெரும்பாலும் வண்ணமில்லாதவை' என்று முடிவு செய்தால் அந்தக் கோலமே நம் கையால் அழிந்தது என்று பொருள். 1850களில் வில்லியம் லாப்டஸ் வர்காவில், அதாவது உருக்கில், கூம்புகள் இன்னும் சுவரிலேயே நிற்கும் ஒரு முகப்பைக் கண்டதால்தான் இந்த நிறங்கள் சேர்ந்து முக்கோணமும் சாய்சதுரமும் கோணல்மாணல் கோடுமாக இருந்தன என்பது தெரியவந்தது. தனித்தனியாகப் பொறுக்கிய கூம்புகளில் இருந்து அதை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

அதே உருக்கில் கல் கூம்புக் கோயில் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கூம்புகள் நிறமுள்ள கற்களில் செதுக்கியவை. அழுக்கோடு பார்த்தால் களிமண்ணா கல்லா என்று தெரியாது, எடை சொல்லிவிடும். சுட்ட நிறத்தை வைத்துச் சூளை வெப்பத்தைப் பேசுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: ஆப்பெழுத்துப் பலகைகளைப் பாதுகாப்புக்காக அருங்காட்சியகங்களே சுட்டெடுக்கும் வழக்கம் இருந்தது. பழைய சேகரிப்பில் உள்ள பொருளாக இருந்தால் அதன் பாதுகாப்புப் பதிவேட்டைப் பார்க்காமல் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கூம்பு என்றாலே சுவர் என்று நினைப்பது

ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் வரை உள்ள சின்ன மண் கூம்புகள் எழுத்து தோன்றுவதற்கு முந்தைய கணக்குக் காய்களாக இருக்கலாம். உபைது காலத்தில் உதட்டிலோ காதிலோ அணிந்த ஆணி வடிவ அணிகளும் உண்டு, அவை சின்னவை, வழவழப்பாகத் தேய்த்தவை. இவற்றில் காரை ஒட்டியிருக்காது. எகிப்தின் தீப்சு கல்லறை முகப்புகளில் வரும் கூம்புகள் முற்றிலும் வேறு மரபு, அவற்றில் முத்திரை அகன்ற அடிப்பக்கத்தில் இருக்கும், இறந்தவரின் பெயரும் பட்டமும் சொல்லும்.

எகிப்தைச் சொன்னதும் பூதோ ஞாபகம் வருகிறது. நைல் கழிமுகத்தில் உள்ள அந்த மேட்டில் 1980களில் உருக் கூம்புபோல் சில மண் பொருட்கள் கிடைத்தன. அதை வைத்து, உருக் பாணியில் மொசைக் பதித்த கட்டடம் எகிப்தில் இருந்தது, மெசொப்பொத்தேமியாவோடு நேரடித் தொடர்பு இருந்தது என்றெல்லாம் பேசினார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை, அவை உள்ளூர்ப் பொருட்கள் என்றார்கள். ஒரு பெரிய கடல்வழி உறவே கைக்கடக்கமான சில கூம்புகளின் மேல் நின்றது என்பதை நினைத்தால் வகை பிரிப்பது எவ்வளவு பாரமான வேலை என்று புரியும். எண்ணிக்கை எவ்வளவு, காரை ஒட்டியிருக்கிறதா, மண் எங்கிருந்து வந்தது, பதித்த சுவர் எங்கே என்ற நாலு கேள்விக்கும் பதில் இல்லாமல் 'உருக் கூம்பு' என்ற பெயரைக் கொடுக்கவே கூடாது.

இடம் தெரியாத ஆணிக்கு இடம் கொடுப்பது

கடைசியாக, சந்தையில் இருந்து வந்தவை. 'லகாஷ்' என்று பொறித்திருக்கிறது, ஆகவே கிடைத்த இடம் லகாஷ் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. லகாஷ் ஒரு நாட்டின் பெயராகவும் ஒரு நகரத்தின் பெயராகவும் இருந்தது, எனின்னு இருந்தது கிர்சுவில், இன்றைய தெல்லோவில். எழுத்து சொல்லும் இடம் ஒரு கட்டம், கிடைத்த இடம் இன்னொரு கட்டம், இரண்டாவது தெரியாவிட்டால் காலியாக இருக்கட்டும். அரச ஆணிகளில் போலிகளும் உண்டு என்பதால் அந்தக் காலியிடத்தை யாருடைய வாய்மொழியை வைத்தும் நிரப்ப வேண்டாம்.

காலியாக விட்டதை நிரப்பும் வாய்ப்பு ஒரு நாள் வரலாம். 2003 மே மாதம் லண்டனில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் இருந்து காவல்துறை எட்டுப் பொருட்களைக் கைப்பற்றியது, அவற்றுக்குரிய ஆவணம் எதுவும் அவர் காட்டவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பார்வைக்கு வந்தன. அவற்றில் மூன்று, குடியாவின் எனின்னு உரை பொறித்த ஆணிகள். அதே சமயம் அந்த அருங்காட்சியகத்தின் குழு தெல்லோவில் தோண்டிக்கொண்டிருந்தது, அங்கே எனின்னு கோயிலின் சுவரில் அதே உரையுள்ள ஆணிகள் செருகியபடியே கிடைத்துக்கொண்டிருந்தன, பக்கத்தில் கொள்ளையர் தோண்டிய ஆழமில்லாத குழிகளும் இருந்தன. எழுத்தையும் வடிவத்தையும் சுவரில் இருந்தவற்றோடு வைத்துப் பார்த்து, மூன்றும் எங்கிருந்து போயின என்று அடையாளம் சொன்னார்கள். 2018 ஆகஸ்டில் எட்டுப் பொருட்களும் இராக் தூதரிடம் ஒப்படைக்கப்பட்டன.